பீங்கான் மண் கைவேலை: பெட்டியில் ஒட்டு விடுகிறது, சுவர் வளைகிறது. எங்கே தப்பு?

#1 மல்லிகைக்கொடி | ஈஜிபுரா, பெங்களூர்

வணக்கம். ஸ்டோன்வேர் மண்ணில் ஸ்லாப் (தட்டையான மண் தகடு), காயில் (மண் திரி சுற்றிக் கட்டுவது) இரண்டும் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. அதே முறையைப் பீங்கான் மண்ணில் செய்தால் மூன்று விதமாகக் கெடுகிறது. விவரத்தை முழுதாகத் தருகிறேன்.

மண் ரெடிமேட் போர்சலின், கோன் 6 சூட்டுக்கானது (கோன் என்பது சூளையின் சூட்டை வளைந்து காட்டும் சிறு கூம்பு). சுருக்கம் 13 சதவீதம் என்று பாக்கெட்டில் இருக்கிறது. செய்தது மூடி போட்ட சதுரப் பெட்டி. சுட்டபின் 10 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம் வரவேண்டும். ஸ்லாப் கனம் 5 மிமீ. ஓரங்களைக் கீறி, தண்ணீர் தொட்டு ஒட்டினேன். ஹாலில் நியூஸ்பேப்பர் மூடி 3 நாள் காயவைத்தேன். பிஸ்க் (முதல் சூடு) 1000 டிகிரி, கிளேஸ் (கண்ணாடிப் பூச்சோடு இரண்டாம் சூடு) 1222.

கோளாறு: உள்மூலைகளில் மயிரிழை விரிசல். நான்கு சுவரில் இரண்டு உள்பக்கம் குழிந்துவிட்டது. அளவு 10 செ.மீ.க்குப் பதில் 9.8 வந்தது. முதல் இரண்டும் கையின் குறையா, மண்ணின் குணமா?

#2 வெண்களி | ஜெயநகர்

மல்லிகா, கை மேல பழி போடாதீங்க. மண்ணோட குணம் தெரிஞ்சா பாதி சரியாயிடும்.

ஸ்டோன்வேர் சப்பாத்தி மாவு மாதிரி. இழுத்தா வரும், மடிச்சா மடியும். பீங்கான் மண் கொழுக்கட்டை மேல்மாவு. பதம் இருக்கிறவரைக்கும் வெண்ணெய் மாதிரி இருக்கும், ஓரம் கொஞ்சம் காய்ஞ்சா வெடிக்கும். காரணம் கயோலின்ங்கிற வெள்ளைக் களிமண். அதோட துகள் பெருசு, அதனால இழுவை குறைவு. ஸ்டோன்வேர்ல பால் களியும் (ball clay, இழுவை அதிகமான களிமண்) க்ராகும் (grog, சுட்டுப் பொடிச்ச மண்) சேர்ந்து விரிசலைப் பிடிச்சு நிறுத்தும். பீங்கான்ல க்ராக் கிடையாது, வெண்மை கெடும்னு பால் களியையும் குறைச்சுத்தான் போடுவாங்க.

முதல்ல ஒட்டு. தண்ணி மட்டும் தொட்டு ஒட்டினதுதான் உங்க மயிரிழை விரிசலுக்குக் காரணம். தண்ணி பட்ட இடம் மட்டும் அதிக ஈரமாகுது. அதிக ஈரம் அதிகமா சுருங்கும். பக்கத்துல இருக்கிற சுவர் அந்த அளவுக்குச் சுருங்காது. அப்போ கோடு விழாம என்ன செய்யும்?

அதே மண்ணைத் தண்ணியில கரைச்ச குழம்பு, அதாவது ஸ்லிப் வேணும். துண்டு துணுக்கை எல்லாம் முழுசா காயவிட்டு, நொறுக்கி, தண்ணியில போடுங்க. ஈரத் துண்டைப் போட்டா நாள் கணக்கா கட்டியாவே கிடக்கும். நல்லா காய்ஞ்சது சில நிமிஷத்துலயே பொலபொலன்னு உதிரும். மறுநாள் 80 மெஷ் சல்லடையில தேய்ச்சு எடுங்க. பதம் கெட்டித் தயிர்.

ஒட்டுற நேரமும் முக்கியம். ஸ்டோன்வேரை ஒட்டுற லெதர்ஹார்ட்டுக்கு (தோல் மாதிரி பாதி இறுகின பதம்) வந்துட்டா பீங்கானுக்குத் தாமதம். ஸ்லாப்பைச் செங்குத்தா நிறுத்தினா நிக்கணும், விரல் நுனியால அழுத்தினா லேசா பள்ளம் விழணும். அந்த நேரத்துல குறுக்கும் நெடுக்குமா 2 மிமீ ஆழம் கீறி, ரெண்டு பக்கமும் ஸ்லிப் தடவி, லேசா முன்னும் பின்னும் அசைச்சு அழுத்துங்க. ஓரத்துல ஸ்லிப் பிதுங்கி வரணும். வரலைன்னா உள்ளே காத்து இருக்கு. அப்புறம் உள்மூலையில 4, 5 மிமீ கனத்துல மண் திரி வச்சு, மரக்கருவியால அழுத்தி இழுங்க. அதைத் தவிர்க்கவே கூடாது.

முடிஞ்சதும் முழுசா பிளாஸ்டிக்ல சுத்தி 2 நாள் வைங்க. காய வைக்கிறதுக்காக இல்ல. ஒட்டுல இருக்கிற ஈரமும் சுவர்ல இருக்கிற ஈரமும் சமமாகணும். அதுக்கப்புறம்தான் காயவிடுற பேச்சே.

#3 சுடுமண் | ராஜாஜிநகர்

9.8 வந்தது கணக்குப் பிழை. 10-ஐ 1.13 ஆல் பெருக்கி 11.3 செ.மீ. வெட்டியிருப்பீர்கள். சுருக்கம் என்பது ஈர அளவில் 13 சதவீதம். 11.3-ல் 13 சதவீதம் போனால் 9.83. சரியான வழி, வேண்டிய அளவை 0.87 ஆல் வகுப்பது: 10 ÷ 0.87 = 11.5. உயரம் 8 ÷ 0.87 = 9.2.

பாக்கெட்டில் போட்ட எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். 14 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், வேலைக்கு எடுக்கும் அதே கனத்தில் ஒரு பட்டை வெட்டி, அதன்மேல் 10 செ.மீ.க்குக் கோடு கிழியுங்கள். காய்ந்ததும் அளந்து பாருங்கள், பிஸ்க் ஆனதும் அளந்து பாருங்கள், கிளேஸ் சூட்டுக்குப் பிறகும் அளந்து பாருங்கள். கடைசியில் கோடு 8.7 என்றால் 13 சதவீதம், 8.6 என்றால் 14. மண்ணை எவ்வளவு ஈரமாக வேலை செய்கிறீர்கள், உங்கள் சூளை எவ்வளவு சூடு போடுகிறது என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். காய்வதில் 5, 6 சதவீதம் போகும், 1000 டிகிரி பிஸ்க்கில் சொற்பம், மீதி எல்லாம் கடைசிச் சூட்டில்.

#4 தாழம்பூ | ஃப்ரேசர் டவுன்

சுவர் குழிந்ததற்கு ஸ்லாப் போட்ட விதத்தைப் பாருங்கள். பீங்கான் மண்ணுக்கு நினைவு உண்டு என்று சொல்வார்கள். ஸ்லாப்பை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினால் வளையும். அதைப் பலகையில் வைத்துத் தட்டி நேராக்கினால் கண்ணுக்கு நேராகத்தான் தெரியும். சூட்டில் அதே வளைவு திரும்பி வரும். தூக்கும்போது இழுபட்ட பக்கமும் அமுங்கிய பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது, அதுதான் விஷயம்.

ஆகவே ஸ்லாப்பைக் கையால் தூக்குவதே கிடையாது. கீழே ஒரு பலகை, மேலே ஒரு பலகை, இரண்டுக்கும் நடுவில் வைத்துப் புரட்டுங்கள். மைசூர் ரோடு டிம்பர் யார்டு பக்கம் மரக்கடையில் 5 மிமீ கனத்தில் இரண்டு சட்டம் அறுத்து வாங்கிக்கொண்டால், மண்ணின் இருபுறமும் வைத்துப் பூரிக்கட்டை உருட்ட வசதி. கனம் தானாகச் சமமாகும்.

உருட்டுவது நடுவிலிருந்து வெளியே. நாலு தடவை உருட்டினால் ஒரு தடவை புரட்டி, 90 டிகிரி திருப்புங்கள். ஒரே திசையில் உருட்டினால் துகள்கள் அந்தத் திசையிலேயே படுத்துவிடும், நீளத்தில் ஒரு மாதிரி, அகலத்தில் ஒரு மாதிரி சுருங்கும். சதுரமாக வெட்டியது சுட்டபின் சதுரமாக இருக்காது. உங்கள் நான்கு சுவரில் இரண்டு மட்டும் குழிந்தது என்கிறீர்களே, ஒரே ஸ்லாப்பிலிருந்து இரண்டை நீளவாக்கிலும் இரண்டைக் குறுக்கிலும் வெட்டினீர்களா? அப்படியென்றால் இதுதான்.

கடைசியாக, ரப்பர் ரிப் (தேய்த்து அழுத்தும் ரப்பர் தகடு) வைத்து இரண்டு முகத்தையும் அழுத்தி இழுங்கள். பிறகு நியூஸ்பேப்பர் நடுவில் வைத்து, மேலே பலகை போட்டு, வெட்டும் பதம் வரும்வரை விடுங்கள்.

#5 மல்லிகைக்கொடி

ஆமாம் அக்கா, இரண்டை நீளவாக்கில், இரண்டைக் குறுக்கில்தான் வெட்டினேன்! குழிந்தவை குறுக்கில் வெட்டியவையா என்று இப்போது கண்டுபிடிக்க முடியாது, அடுத்த முறை பின்பக்கம் அம்புக்குறி போட்டு வைக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். ஸ்லிப்பில் வினிகர் கலந்தால் ஒட்டு பலமாகும் என்கிறார்கள். சோடியம் சிலிகேட் என்றும் சொல்கிறார்கள். எது?

#6 வெண்களி

ரெண்டுல ஒண்ணு. ரெண்டையும் ஒண்ணா ஊத்தாதீங்க, ஒண்ணோட வேலையை இன்னொண்ணு கெடுக்கும்.

வினிகர் மண்துகளை ஒண்ணோட ஒண்ணு சேர்த்துக் கூட்டும், ஸ்லிப் கெட்டிப்படும், பசை மாதிரி பிடிக்கும். சோடியம் சிலிகேட் நேரெதிர். துகளைப் பிரிச்சு விடும், அதனால கொஞ்சத் தண்ணியிலேயே ஸ்லிப் ஓடும். விருத்தாசலத்துல அச்சுல ஊத்துற பொம்மை ஸ்லிப்புக்கும் இதே தத்துவம்தான். ஒட்டுல தண்ணி குறைஞ்சா சுருக்கமும் குறையும். அதனால என் ஓட்டு சிலிகேட்டுக்கு. 4 லிட்டர் தண்ணிக்கு திரவ சோடியம் சிலிகேட் 10 கிராம், சோடா ஆஷ் 3 கிராம். ஒட்டும்போது வெறும் தண்ணிக்குப் பதிலா இதைத் தொடுங்க, ஸ்லிப்பையும் இதுலயே கரைங்க.

#7 சுடுமண்

இதில் எனக்கு மாற்றுக் கருத்து. புதிதாகச் செய்பவருக்கு வினிகர் போதும். சிலிகேட் அளவு தப்பினால் ஸ்லிப் ஒரே நேரத்தில் வழியவும் செய்யும், நின்றால் உறையவும் செய்யும். பதம் பார்க்கத் தெரியாதவர் அதில் கை வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு டம்ளர் ஸ்லிப்புக்கு ஒரு டீஸ்பூன் வெள்ளை வினிகர், அவ்வளவே. மல்லிகாவின் வேலையில் விரிசல் வந்தது வினிகர் இல்லாததால் அல்ல. ஸ்லிப்பே இல்லை, 3 நாளில் அவசரமாகக் காய்ந்தது, இந்த இரண்டும்தான்.

#8 தாழம்பூ

காய்வது பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தலையாயது.

பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் மதியக் காற்று தோலையே வறளவைக்கும், மண்ணை விடுமா? மேல் விளிம்பு மதியத்துக்குள் வெளுத்துவிடும், அடிப்பாகம் மறுநாளும் ஈரமாக இருக்கும். விளிம்பு சுருங்கி இறுகிவிட்டபின் அடி சுருங்கப் பார்த்தால் மூலையில்தான் போய் இழுக்கும். ஜூலை, ஆகஸ்டில் அதே பெட்டி ஒரு வாரம் ஆனாலும் குளிர்ந்தே இருக்கும், அது நல்லது.

செய்ய வேண்டியது: ஃபேன் வேண்டாம். பால்கனி வேண்டவே வேண்டாம், வெயில் ஒரு பக்கம்தான் படும். மூலைகளுக்கும் விளிம்புக்கும் ட்ரை க்ளீனிங் கவர் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக்கை 3 செ.மீ. பட்டையாகக் கிழித்து ஒட்டவையுங்கள். அதன்மேல் முழுப் பெட்டிக்கும் தளர்வாக ஒரு கவர். தினமும் ஒரு முறை திறந்து கவரை உள்வெளியாகத் திருப்பிப் போடுங்கள், உள்ளே படிந்த நீர்த்துளி மண்மேல் சொட்டக்கூடாது. நாலாம் நாள் கவரில் இரண்டு ஓட்டை. ஏழாம் நாள் எடுத்துவிடலாம். அடியில் மரப்பலகை மட்டும் போதாது, இரண்டு மூன்று மடிப்பு நியூஸ்பேப்பர் விரித்தால் அடிப்பாகம் சுருங்கும்போது நகர இடம் கிடைக்கும்.

கைப்பிடி உள்ள கப் என்றால் கைப்பிடியை மட்டும் தனியாகப் பிளாஸ்டிக்கில் சுற்றுங்கள். மெலிசானது முதலில் காயும், முதலில் காய்ந்தது பிய்த்துக்கொள்ளும்.

இடையில் வேலையை நிறுத்த வேண்டியிருந்தால் ஈரப்பெட்டி ஒன்று தயார் செய்யுங்கள். மூடி இறுக்கமாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பா, அடியில் 3 செ.மீ. ப்ளாஸ்டர் ஊற்றி உறையவிட்டு, அதில் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். உள்ளே வைத்த வேலை வாரக்கணக்கில் ஒட்டும் பதத்திலேயே இருக்கும். ப்ளாஸ்டர் துணுக்கு மட்டும் மண்ணில் கலந்துவிடக் கூடாது, சூட்டுக்குப்பின் அந்த இடம் கொப்புளமாக வெடிக்கும்.

#9 குயவன்குழாய் | ஒயிட்ஃபீல்ட்

குறுக்கே புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். ஸ்லாப்புக்கு முன் கிண்ணம் பழகலாமா? பாட்டரி டவுனில் செம்மண் பாண்டம் சுடுகிற சூளையில் பீங்கானைப் பிஸ்க் பண்ணிக்கொள்ள முடியுமா?

#10 வெண்களி

கிண்ணம்தான் முதல்ல பழகணும். வீட்டுல கொழுக்கட்டைக்குச் செப்பு செய்யறதைப் பார்த்திருப்பீங்க, அதேதான். எலுமிச்சை அளவு உருண்டை, 150 கிராம் போதும். கட்டைவிரலை நடுவுல இறக்கி, அடியில 6 மிமீ விட்டுட்டு நிறுத்துங்க. அடியிலிருந்து மேல வரணும், விளிம்பைக் கடைசியில தொடணும். விளிம்பை முதல்ல மெலிசாக்கினா கை சூட்டுலயே காய்ஞ்சு வெடிக்கும். சின்னதா ஒரு வெடிப்பு தெரிஞ்சவுடனே ரெண்டு விரலால அழுத்தி மூடி, ஈரத் தோல்துண்டால ஒரு சுத்து. அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டா அந்த வெடிப்பு எல்லாச் சூட்டையும் தாண்டி அங்கேயே நிக்கும்.

மண் இறுகினாப்புல தோணினா தண்ணி ஊத்தாதீங்க. பையோட தரையில நாலு பக்கமும் தட்டுங்க. பீங்கான் மண் சும்மா கிடந்தா இறுகும், அசைச்சா இளகும். தட்டினதுக்கு அப்புறமும் கல்லா இருந்தாத்தான் தண்ணி குறைவு.

பாட்டரி டவுன் விறகுச் சூளை வேண்டாம். அங்க செய்யறவங்க தொழில்ல கெட்டிக்காரங்க, ஆனா அந்தச் சூளை செம்மண்ணுக்காக அமைஞ்சது. சூடு ஒரு மூலைக்கு ஒரு மாதிரி, சாம்பலும் கரியும் வெள்ளை மண்ணுல படியும். எலக்ட்ரிக் கில்ன்தான். அதுவும் செம்மண் புழங்குற ஸ்டுடியோன்னா ஸ்பாஞ்ச், துணி, வாளி, பூரிக்கட்டை எல்லாம் தனியா வைங்க. துருப்பிடிச்ச கம்பி ஒண்ணு போதும், கிளேஸுக்கு அடியில பழுப்புப் புள்ளியா எட்டிப் பார்க்கும்.

#11 சுடுமண்

சூடு பற்றி. மல்லிகா, "1222" என்று கன்ட்ரோலரில் போட்டால் கோன் 6 ஆகிவிடாது. கடைசி நூறு டிகிரியை மணிக்கு 60 வேகத்தில் ஏற்றினால் 1222-ல் கோன் 6 வளையும். மணிக்கு 150 என்றால் 1240-ஐ ஒட்டித்தான் வளையும். ஷெல்ஃபில் 5, 6, 7 கோன் மூன்றையும் வரிசையாக நிறுத்துங்கள். 5 படுத்து, 6 வளைந்து நுனி தொட்டு, 7 நிமிர்ந்து நின்றால் சரி. 7-ம் சாய்ந்திருந்தால் உங்கள் சுவர் குழிந்ததற்கு அதுவும் காரணம். பீங்கான் உச்சச் சூட்டில் மெழுகு போல இளகும், நேரான தட்டைச் சுவர் உள்ளே சாயத்தான் பார்க்கும். கட்டும்போதே சுவரை வெளிப்பக்கம் 1, 2 மிமீ புடைப்பாக விடுங்கள். சுட்டபின் நேராக நிற்கும்.

பிஸ்க்: 90 டிகிரி வரை மணிக்கு 60, அங்கே 4 மணி நேரம் நிறுத்தம், பிறகு 600 வரை மணிக்கு 100, அதன்பின் 1000 வரை 150. 573 டிகிரியில் குவார்ட்ஸ் திடீரென்று விரியும், குளிரும்போது அதே இடத்தில் சுருங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே அவசரம் கூடாது. 100-க்குக் கீழே வராமல் மூடியைத் திறக்க வேண்டாம்.

மூடியைப் பெட்டியின் மேல் வைத்தே இரண்டு சூடும் போடுங்கள். தனியாகச் சுட்டால் ஆளுக்கொரு பக்கம் வளையும், பொருந்தாது. கிளேஸ் சூட்டில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உட்காரும் விளிம்பில் கிளேஸ் துளியும் இருக்கக்கூடாது, வாக்ஸ் ரெசிஸ்டில் (கிளேஸ் ஒட்டாமல் தடுக்கும் மெழுகுக் கரைசல்) கொஞ்சம் அலுமினா ஹைட்ரேட் கலந்து அங்கே பூசுங்கள். அடியும் அப்படித்தான்: வெறும் பீங்கான் அடிகூட ஷெல்ஃபில் பிடித்துக்கொண்டு சில்லாகப் பெயரும். அலுமினா ஹைட்ரேட்டும் கயோலினும் சம எடையில் கலந்த கில்ன் வாஷை ஷெல்ஃபில் இரண்டு கை பூசி, மேலே அலுமினாத் தூள் லேசாகத் தூவினால் வேலை சுருங்கும்போது வழுக்கிக்கொண்டு போகும்.

#12 குயவன்குழாய்

மண்ணை நாமே கலந்தால் செலவு குறையுமா? கயோலின் 50, ஃபெல்ஸ்பார் 25, குவார்ட்ஸ் 25 என்று எங்கும் பார்க்கிறேன்.

#13 சுடுமண்

அந்தக் கணக்கு கோன் 10-க்கு. 1222-ல் அது முழுதாக இறுகாது, தண்ணீர் குடிக்கும். கோன் 6-க்கு, உருகி மண்ணை இறுக்கும் ஃபெல்ஸ்பாரைக் கூட்ட வேண்டும் அல்லது அதே வேலை செய்யும் நெஃபலின் சையனைட் (nepheline syenite) என்ற பாறைத் தூளைச் சேர்க்க வேண்டும்.

இறுகியதா என்று பார்க்க வழி உண்டு. கிளேஸ் இல்லாத சுட்ட துண்டை எடை போடுங்கள். 5 மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அதிலேயே ஆறவைத்து, ஈரத்துணியால் துடைத்து மறுபடி எடை. 200 கிராம் 203 ஆனால் 1.5 சதவீதம், பீங்கான் என்று சொல்ல முடியாது. 201-க்குள் நின்றால் நல்லது.

இழுவைக்கு பென்டோனைட் என்ற மிக நுண்ணிய களிமண் 2 சதவீதம். அதை உலர்ந்த தூளோடு முதலில் கலந்துவிட்டுத்தான் தண்ணீர். நேராகத் தண்ணீரில் போட்டால் கோந்துக் கட்டி. கலக்கும்போது என்95 முகமூடி, பிறகு ஈரத்துணியால் துடைப்பது மட்டும்தான், துடைப்பம் கூடாது. சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கினால் திரும்ப வெளியே வராது. கான்வாஸ் துணியில் பிசைபவர்கள் அந்தத் துணியை உதறாமல் துவைக்க வேண்டும்.

இதே ஊரில் மல்லேஸ்வரம் பக்கம், இந்திய அறிவியல் கழகத்துக்கு அருகே, பெல் (BHEL) நிறுவனத்தின் எலக்ட்ரோ போர்சலின்ஸ் பிரிவு மின்கம்ப இன்சுலேட்டர் செய்தது. இன்சுலேட்டர் தொழிலில் மண்ணிலிருந்து காற்றை வாக்யூம் பக்மில் என்ற பிசையும் இயந்திரம் உறிஞ்சி எடுக்கும். நமக்கு அது கைப்பிசைவு, 60, 70 தடவை. கலந்த மண்ணைப் பிளாஸ்டிக்கில் சுற்றி சில வாரம் ஊறவிட்டால் கைக்கு நன்றாக வளையும். முதல் வருடம் ரெடிமேட் வாங்குவதே மேல் என்பேன். ஒரே நேரத்தில் மண்ணையும் கையையும் சோதித்தால் எது கெடுத்தது என்று தெரியாது.

#14 மல்லிகைக்கொடி

கடைசியாக ஒன்று. இன்னும் சுடாத பெட்டி ஒன்று இருக்கிறது, முழுதாகக் காய்ந்துவிட்டது, ஒரு மூலையில் 2 செ.மீ. விரிசல். காகிதக் கூழ் கலந்த ஸ்லிப் போட்டு அடைக்கலாமா?

#15 தாழம்பூ

அடைக்கலாம், பிடிக்கும். டாய்லெட் பேப்பரை வெந்நீரில் அடித்துக் கூழாக்கிப் பிழிந்து, 3 பங்கு ஸ்லிப்புக்கு 1 பங்கு கூழ். நார் விரிசலைத் தைத்த மாதிரி பிடித்துக்கொள்ளும், காய்ந்த மண்ணிலும் ஒட்டும். வேண்டும்போது கலந்துகொள்ளுங்கள், நாள் ஆனால் நாறும். பிஸ்க்கில் புகை வரும், ஜன்னல் திறந்திருக்கட்டும். பெரிய சிற்பம், மெல்லிய இதழ் மாதிரி வேலைக்கு இது அருமையான வழி.

#16 வெண்களி

பெரிய வேலைக்குச் சரி அக்கா. 10 செ.மீ. பெட்டிக்கு வேண்டாம். அந்த மூலை ஏற்கெனவே தண்ணி தொட்டு ஒட்டினது. 2 செ.மீ. தெரியுதுன்னா உள்ளே மீதி 7 செ.மீ.யும் பலவீனம்தான், கிளேஸ் சூட்டுல திறக்கும். சுடாத மண் ஒரு பைசா நஷ்டமில்லாம திரும்பி வரும், சுட்டா கல்லுதான்.

உடைச்சு, புளியங்கொட்டை அளவுக்கு நொறுக்கி, வாளியில போட்டு மூழ்குற அளவு தண்ணி விடுங்க. கிளறாதீங்க, கிளறினா நடுவுல கட்டி நிக்கும். மறுநாள் மேல தெளிஞ்ச தண்ணியை இறுத்துட்டு, சல்லடையில தேய்ச்சு, ப்ளாஸ்டர் பலகையில பழைய காட்டன் துணி விரிச்சு 2 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்க. துணி இருந்தா ப்ளாஸ்டர் துணுக்கு ஒட்டாது. அடிப்பக்கம் துணியிலிருந்து உரிஞ்சு வரும்போது புரட்டுங்க. பிசைஞ்சு, பையில கட்டி, தேதி எழுதி, ரெண்டு வாரம் தொடாம வைங்க. அடுத்த பெட்டிக்கு சுவரும் அடியும் 11.5 செ.மீ., உயரம் 9.2. நாலு சுவரும் ஒரே திசையில வெட்டுங்க.

#17 மல்லிகைக்கொடி

சரி அக்கா, உடைத்துத் தண்ணீரில் போட்டுவிட்டேன். நீங்கள் சொன்னது போலத்தான், கிளறாமலே பொலபொலவென்று உதிர்கிறது. ஒட்டியிருந்த மூலை மட்டும் கோடு பிரிந்தாற்போல இரண்டாகத் தனியே விழுந்தது. உள்ளே கீறல் வரி அப்படியே கிடக்கிறது, மண்ணே இறங்கவில்லை.